வெள்ளைச் சேவலின் பதினோரு குஞ்சுகள்

பாப்பா,

இதைக் கையில் எடுத்ததும் முதலில் உட்கார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றபடி படிக்காதே. பக்கத்தில் உன் வீட்டுக்காரர் இருந்தால் இருக்கட்டும், உன் மாமியாரும் இருக்கட்டும். படித்து முடித்ததும் அவர்கள் கையிலேயே கொடு. ஒளித்து வைக்கிற கடிதம் இல்லை இது, ஒளித்து வைத்தது போதும். உன் வளைகாப்பு முடிந்து ஈப்போவிலிருந்து மலையேறி வந்து ஒன்பது நாள் ஆகிறது. இந்த ஒன்பது நாளில் ஒரு வேளைச் சோற்றைக்கூட நான் ஒழுங்காக உட்கார்ந்து தின்னவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். நான்கு முறை பேசினேன், நான்கு முறையும் அழித்தேன். அழிப்பது ரொம்பச் சுலபமாக இருக்கிறது. தாளில் எழுதினால் கிழிக்க வேண்டும், கிழிக்கிற சத்தம் உன் அப்பாவுக்குக் கேட்கும், மறுபடி மறைக்கிறாள் என்று நினைப்பார். அந்தப் பயத்தில்தான் தாளை எடுத்தேன்.

நீளமான கடிதம் என்றால் நீ பாதியில் மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீ நாலாம் ஆண்டு படித்தபோது நம் வீட்டுப் பெட்டியில் பதினோரு கோழிக்குஞ்சுகள் குளிரில் விறைத்துச் செத்தனவே, அன்றைக்கு நீ பல்பைப் போட மறக்கவில்லை. போட்டிருந்தாய். அணைத்தது நான்.

எழுதிவிட்டு எழுந்து போய்க் கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்தேன். தண்ணீர் காலையிலேயே மாற்றியதுதான். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அன்று வளைகாப்பில் எல்லாரும் உனக்குச் சந்தனம் பூசி முடித்த பிறகு நான் வந்தேன். உன் கன்னத்தில் தடவிக்கொண்டே, பிரசவத்துக்கு எப்போது மலைக்கு வருகிறாய் என்று கேட்டேன். முதல் பிரசவம் தாய்வீட்டில்தானே. நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "நான் அங்க வரலம்மா. அத்தைகிட்ட பேசிட்டேன். புள்ள பொறந்ததும் அவங்க ரூம்லதான் இருக்கும், அவங்கதான் பாத்துப்பாங்க. பால் குடுக்க மட்டும் நான் போவேன். எங்கிட்ட சின்ன உசுரு எதுவும் நிக்காதும்மா, உனக்குத் தெரியாததா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். உன் மாமியாரும் சிரித்தார், ஆனால் உன்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. என் கைச் சந்தனம் காய்ந்து வெடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். உன் போனில் படம் பார்க்கலாம் என்று திறந்தபோது வேறு ஒன்றையும் பார்த்தேன். அடுப்புக் குமிழ், இஸ்திரிப் பெட்டி சுவிட்சு, வாசல் பூட்டு. நூற்றுக்கணக்கில் அதே மூன்று படம். வெளியே கிளம்பும்போதெல்லாம் எடுத்து வைத்துக்கொள்கிறாய் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். பாவம், அவர் அதைப் பெருமையாகச் சொன்னார், அவ்வளவு பொறுப்பாம்.

சம்பந்தியம்மா படிக்கப் போகிறார் என்பதால் கோழிக் கதையையும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் வளர்ப்பது செராமா, கிளந்தான் பக்கத்துக் கோழி. உள்ளங்கையில் நிற்கும். நெஞ்சைத் தூக்கி, தலையைப் பின்னால் வாங்கி, இறக்கை தரையைத் தொட நிற்கும்போது ராஜா கெட்டான். கறிக்கும் ஆகாது, முட்டையும் கோலிக்குண்டு அளவு. அழகுக்கு வளர்ப்பது, போட்டியில் மேசைமேல் விட்டு மார்க் போடுவார்கள். தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைக்கு இது எதற்கு என்று லைன் வீடுகள் முழுக்கக் கேட்டார்கள். நான் பெக்டரியில் தேயிலைத் தூள் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தவள். நாள் பூராவும் குச்சி பொறுக்கி, நார் பொறுக்கி, ஒதுக்கி ஒதுக்கியே பழகிய கண்ணு. வீட்டுக்கு வந்தால் அந்தக் கண்ணுக்கு ஒரு அழகு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். செராமா வெயில் நாட்டுக் கோழி. நம் மலைக் குளிரில் குஞ்சு பிழைக்க வேண்டுமானால் மரத்தூள் போட்ட பெட்டி வேண்டும், மேலே மஞ்சள் பல்பு எரிய வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் நாலு மணிக்குப் பல்பைப் போடுவது உன் வேலை. ஒரு நாளும் நீ தவறியதில்லை. ஒரு நாளும்.

செராமாவில் நிறம் நிற்காது. கறுப்பையும் கறுப்பையும் சேர்த்தால் செவலை வரும், செவலைக்குப் புள்ளி வரும், எது வரும் என்று அந்தக் கோழிக்கே தெரியாது. மற்றவர்கள் நிற்கிற அழகைப் பார்த்தார்கள், எனக்கோ நிறப் பைத்தியம். ஒரு இறகுகூடக் கறை இல்லாத முழு வெள்ளைக் கூட்டம் ஒன்று என் கையில் உருவாக வேண்டும் என்று பிடித்த பிடி. கிளந்தானிலிருந்து ஒரு வெள்ளைச் சேவலை வரவழைத்தேன். வந்த நாளிலிருந்து என் வாய் சும்மா இருந்ததா? ரிங்லெட் டவுன் தீவனக் கடையில் நின்று எல்லாரிடமும் சொன்னேன், இனி என் கொட்டகையில் வெள்ளையைத் தவிர வேறு குஞ்சு பொரிக்காது என்று. கோழிக்காரர்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று அழைப்பு வேறு வைத்தேன். ஆனானப்பட்டவர்களே அடக்கமாக இருக்கிற இடத்தில் எனக்கு அந்த ஆட்டம்.

நம்மிடம் இருந்த பெட்டைகள் செவலையும் கறுப்பும். பத்தொன்பதாம் நாள் குஞ்சு பொரித்தது. கறுப்பு, செவலை, முதுகில் கோடு போட்டது. வெள்ளையாக வளரப்போகிற குஞ்சு பொரிக்கும்போது மஞ்சளாக இருக்கும், பதினொன்றில் ஒன்றுகூட அப்படி மஞ்சள் பூவாக இல்லை. உனக்குத்தான் என்ன சந்தோஷம்! ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தாய், கோடு போட்டதுக்கு வரிக்குதிரை என்று. எனக்கு வயிறு எரிந்தது. ஞாயிறு வந்தால் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், சேவல் கலப்படம் என்பார்கள், பொம்பளை ஏமாந்தாள் என்று தீவனக் கடையில் பேசுவார்கள். யாருக்காவது கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். கழுத்தைத் திருகவும் எனக்குத் தைரியம் இல்லை. தைரியம் இல்லாதவர்கள் செய்கிற காரியம்தான் உலகத்திலேயே மோசமான காரியம், இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்தேன். நீ கோயிலில் தேவார வகுப்புக்குப் போயிருந்தாய், உன் அப்பா வேலையில். மழை விட்டு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கம் பல்பு எரிந்தது, குஞ்சுகள் எல்லாம் அதன் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. சுவிட்சு சமையலறைச் சுவரில். விரலால் தட்டினேன். கொல்கிறேன் என்று நினைக்கவில்லை பாப்பா. குளிர் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பெட்டியைச் சாக்கால் மூடினேன், நீ வந்ததும் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன், குஞ்சுகள் தூங்குகின்றன, தொந்தரவு பண்ணாதே என்றேன். அன்று உனக்குப் பிடித்த நெத்திலி சம்பல் வைத்தேன். அதுவும் நினைவிருக்கிறது எனக்கு. எதையும் நான் மறக்கவில்லை.

காலையில் சாக்கை எடுத்தவள் நீ. அது போதாதா எனக்கு, அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டாமா? நீ ஓடி வந்து முதலில் சொன்னது, "நான் போட்டேன்மா, சத்தியமா போட்டேன்." நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். நினைவில்லை என்றால் நானே சொல்கிறேன். "போட்டா எரியாமலா இருக்கும்? நல்லா யோசிச்சுப் பாரு. கோயிலுக்குப் போற அவசரத்துல மறந்திருப்பே." நீ யோசித்தாய். பத்து வயதுப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தது. போட்டேன் என்று மறுபடியும் சொன்னாய், சத்தம் குறைந்துபோய். அன்று முழுக்க நான் விடவில்லை, குடையும்போதெல்லாம் உன் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. ஞாயிறு காலை நீயே வந்து, மறந்துட்டேன் போலம்மா என்றாய். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கி எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. அதற்கு முந்தின ராத்திரிதான் உன் அப்பா உன்னை மடியில் வைத்து, "விடு தாயி, மறதி எல்லாருக்கும் வர்றதுதான்" என்று தலையைத் தடவினார். அவருக்கு இன்று காலை வரைக்கும் எதுவும் தெரியாது.

அதோடு விட்டேனா? அன்றே குஞ்சு பார்க்க வந்தவர்களிடம் உன்னைக் காட்டி, என் பொண்ணு பல்பை மறந்துட்டா, பதினொண்ணும் போச்சு என்றேன். குஞ்சின் நிறத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, எல்லாரும் உன்னைத்தான் பார்த்தார்கள். அது எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? வசதியானதை மனிதர் விடுவதில்லை. தீபாவளிக்கு வந்தவர்களிடம் சொன்னேன், உன் பள்ளி வாத்தியாரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. கடைசியில் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பொண்ணு எப்படி என்று சம்பந்தியம்மா கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது அந்தக் கதைதான். கொஞ்சம் மறதி, மத்தபடி தங்கம் என்றேன். நீ தட்டை ஏந்திக்கொண்டு நின்றாய். சம்பந்தியம்மா, உங்கள் மருமகளுக்கு மறதி கிடையாது. உங்களிடம் பொய் சொன்னவள் நான். அவள் உங்களிடம் பிள்ளையை ஒப்படைக்கிறேன் என்று சொன்னது உங்கள்மேல் உள்ள அன்பால் என்று நினைத்திருப்பீர்கள். அன்பும் இருக்கும். ஆனால் அது பயம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் எழுந்து எழுந்து போகிறேன். இரண்டு மாதம் கழித்து ஈப்போவில் போட்டி. வெள்ளைச் சேவலைக் கூடையில் வைத்து நீதான் மடியில் தூக்கி வந்தாய். அதன் காலை நீதான் ஈரத்துணியால் துடைத்தாய். மேசையில் விட்டதும் அது நின்ற நிற்பில் கூட்டம் கூடியது, இரண்டாம் பரிசு வாங்கினோம். அப்போது கிளந்தான் பெரியவர் ஒருவர் வந்து, இந்தச் சேவலுக்குக் குஞ்சு உண்டா என்று மலாயில் கேட்டார். செவலைப் பெட்டையோடு போட்டேன், எல்லாம் நிறமாகவே பொரித்தன என்றேன். அவர் தலையாட்டினார். அப்படித்தான் வரும், முதல் அடையில் வெள்ளை ஒளிந்துகொள்ளும், அந்த நிறப் பெட்டைகளை வளர்த்து மறுபடி இதே சேவலோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி வெள்ளை விழும், நீ தேடுகிற கூட்டம் அதில்தான் இருக்கிறது என்றார். குஞ்சுகள் எங்கே என்று கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். பல்பு, மறதி, எல்லாவற்றையும் சொன்னேன். "சாயாங்லா" என்று உச்சுக் கொட்டினார், வீணாகப் போயிற்றே என்று. உன் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அந்த நிமிடத்தில் என் முட்டாள்தனம் எனக்கு முழுசாகத் தெரிந்தது. தேடிய வெள்ளையைத்தான் நான் குளிரில் போட்டேன். தெரிந்தும் என் கை உன்னைத்தான் காட்டியது.

திரும்பி வரும்போது தாப்பா தாண்டி மலை வளைவில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. பரிசுக் கோப்பை உன் காலடியில், கூடை மடியில். நீ கூடை மூடியைத் தடவிக்கொண்டே வந்தாய். பிறகு கேட்டாய். "அந்தக் குஞ்சுங்க இருந்திருந்தா உனக்கு வெள்ளக் குஞ்சு கெடைச்சிருக்குமாம்மா?" ஆமா என்றேன். ஆமா என்று மட்டும் சொன்னேன் பாப்பா. நீ மன்னிச்சிரும்மா என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ கொட்டகைப் பக்கம் வரவே இல்லை. பிள்ளைக்குப் படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று நான் ஊருக்குச் சொன்னேன்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நம் ஆட்கள் எதற்கெடுத்தாலும் சொல்வார்கள். நானும் அதைச் சொல்லியே மனதைத் தேற்றி வந்தேன். இத்தனை வருஷம் கோழி வளர்த்தவள் சொல்கிறேன், மிதித்தால் சாகும். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பெட்டை வேண்டுமென்று மிதிப்பதில்லை, அடுத்த குஞ்சைப் பார்த்துத் திரும்பும்போது மிதித்துவிடும். நான் வேண்டுமென்றே மிதித்தேன், அதுதான் வித்தியாசம். ஆகவே அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று இனி எதையும் எடுத்துக்கொள்ளாதே. உன் பிள்ளை நாளைக்கு வளர்ந்து, நான் செய்தேன்மா என்று ஒன்றைச் சொன்னால் அதை முதலில் நம்பு. பொய்யாகவே இருந்தாலும் ஒரு நாள் நம்பிவிட்டுப் பிறகு விசாரி. ஒரு பிள்ளையின் நினைப்பை அதன் கையிலிருந்தே பிடுங்கிக்கொள்வது போல் பாவம் இல்லை.

வளைகாப்பில் பெண்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்து, பிள்ளை சிவப்பாக வருமா, கறுப்பாக வருமா என்று பேசினார்களே, நானும் அதில் கலந்துகொண்டு பேசினேன். குங்குமப்பூ டப்பா வாங்கி வந்ததே நான்தான். அந்த டப்பாவைத் திறக்காதே. பாலில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருக்கிறாள், எனக்கு வேறு காரணம். நிறம் பார்க்கிற புத்தி என்னோடு போகட்டும். இப்போது என் கொட்டகையில் வெள்ளைக் கூட்டம் இருக்கிறது, பார்க்கிறவர்கள் மெச்சுகிறார்கள். செவலையும் கறுப்பும் பொரித்தால் அதையும் வளர்க்கிறேன், கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். மலைமேல் திரிங்காப் பக்கத்துக் காய்கறி லாரிக்காரர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். அதனால் நான் திருந்திவிட்டேன் என்று அர்த்தமில்லை. பதினொன்றுக்குக் கணக்குத் தீராது.

இன்று காலை உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளாசை வைத்துவிட்டு, "புள்ளைக்கு மறதின்னு மொதல்ல ஆறுதல் சொன்னது நான்தான? நீ சொன்னத அது நம்பல. நான் தடவிக் குடுத்தப்பதான் நம்புச்சு" என்றார். மத்தியானம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரிங்லெட் போனவர் மாலையில்தான் வந்தார். உனக்கு அவர் போன் பண்ணினால் அழ விடாதே. எனக்கு உன்மேல் இருக்கிற பயத்தைவிட அவர்மேல் இருக்கிற பயம் இப்போது அதிகமாக இருக்கிறது. முப்பது வருஷம் கூட இருந்தவர் அந்நியரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்.

மன்னித்துவிடு என்று நான் எழுதப் போவதில்லை. அதை நீ பத்து வயதில் என்னிடம் சொல்லிவிட்டாய், தப்பே செய்யாமல். அந்த வார்த்தையை இனி நான் எப்படி எடுத்துக்கொள்வது? உன்னிடம் கேட்பது வேறு. நீ பல்பைப் போட்டவள். மறக்காதவள். போனில் உள்ள படங்களை அழி என்று சொல்ல மாட்டேன், பழகிய கை உடனே நிற்காது. ஆனால் அடுத்த முறை எடுக்கும்போது, நான் அணைத்துவிட்டேன், எனக்குத் தெரியும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடு. நாலு நாளில் கை தானாக இறங்கும். பிறந்த பிள்ளையை உன் அறையில் போட்டுக்கொள். ராத்திரி எழுந்து பார்க்க உனக்குத் தெரியும். பசியா குளிரா என்று அது அழுகிற விதத்திலேயே உனக்குப் புரியும். புரியாத நாளில் சம்பந்தியம்மா பக்கத்து அறையில் இருக்கிறார், கதவைத் தட்டு. தட்டுவதில் வெட்கம் இல்லை.

பிரசவத்துக்கு நான் ஈப்போ வருவேன். நீ வரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து, பாட்டி யாரு என்று கேட்பார்கள். சம்பந்தியம்மா வாங்கிக்கொள்ளட்டும், நான் எழுந்திருக்க மாட்டேன். இந்தக் கையை இப்போது உனக்குத் தெரியும். இதில் உன் பிள்ளையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்பதை, பாப்பா, நீதான் சொல்ல வேண்டும்.

அம்மா